கோட்டை தொறந்தார் வீட்டு மண்

அத்தியாயம் 9

எழிலனுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அவன் மாமியார் கல்யாணத்தன்றே சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் பட்டிமன்ற மேடைகளில் மூன்றாவது பேச்சாளராக இருந்தவன். மேடைகள் குறைந்ததும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலதி நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தான். வேலை கம்மி, பேச்சு ஜாஸ்தி.

"மேடம், சிதம்பரம் போறோம். ரகசியம் கெடைக்குமா, இல்ல திரைய வெலக்கிக் காமிச்சி அனுப்பிடுவாங்களா?" என்றான், மாருதியின் முன் சீட்டில் சாய்ந்தபடி.

"வாயை மூடிட்டு வா எழிலா. இந்த வாய் ஒருநாள் காரியத்தைக் கெடுக்கும்" என்றாள் மாலதி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாலதிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். எழுத்துப் பிழையை விடாத கண்ணுக்கு மனிதப் பிழை மட்டும் தப்பிவிடுமா என்று ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தாள்.

பின் சீட்டில் அமிர்தம் இருந்தாள். குடிகாட்டுக்காரி. மடியில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. வண்டி குலுங்கும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதில் இருந்தது ஒரு பிடி மண். அவள் புருஷன் பழனிவேல் விழுந்த இடத்து மண்.

நடந்தது இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் 'தோண்டத் தோண்ட வரலாறு' என்ற யூடியூப் சேனலில் ஒரு வீடியோ வந்தது. 'வெள்ளையனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட துரோகி! வாரிசுகள் இன்றும் குடிகாட்டில்!' என்று தலைப்பு. வீடியோவில் ஒரு பழைய ஓலை, அதன்மேல் ஒரு சிவப்பு அம்பு, அடுத்து 'கோட்டை தொறந்தார் வீடு' என்ற எழுத்தோடு பழனிவேலின் வீட்டு வாசல். பத்தொன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மகள் சத்யப்பிரியாவுக்கு நிச்சயம் செய்த வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். நாலாம் நாள் காலையில் வீட்டுச் சுவரில் யாரோ தாரால் 'துரோகி' என்று எழுதியிருந்தார்கள்.

பழனிவேல் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவர். சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறி, கடைசி எழுத்திலிருந்து அழித்துக்கொண்டு வந்தார். 'கி' போயிற்று, 'ரோ' போயிற்று. 'து'வுக்குக் கையை நீட்டும்போது பட்டப்பகலில் ஒரு கல் வந்து பொட்டில் விழுந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். ஏணி வழுக்கியது என்று எழுதி போலீஸ் முடித்துவிட்டது. தெருவே வேடிக்கை பார்த்தது, ஆனால் கேட்டால் ஒருவருக்கும் கண் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில்தான் வரலாற்றைப் பத்தொன்பது லட்சம் தடவை பார்க்கிறார்கள்.

"கல்லெறிஞ்சவன் எவனோ விடலப்பய. அவன் எனக்கு வாணாம் மேடம்" என்று முதல் நாளே அமிர்தம் சொல்லிவிட்டாள். "அந்தப் பேச்சு நெசமா, பொய்யா? அத மொதமொதல்ல எடுத்துக் குடுத்த வாய் யாரோடது? இந்த ரெண்டுந்தான் எனக்குத் தெரியணும். அந்த வாய்மேல இந்த மண்ண வாரித் தூத்துவேன். அதுவரைக்கும் முடிச்ச அவுக்க மாட்டேன்."

ஆலப்பாக்கம் தாண்டியது. அமிர்தம் கேட்டாள்.

"ஒருவேள நெசமாவே எங்க ஆளு கதவத் தொறந்திருந்தா, மேடம்?"

"யாருக்குத் தொறக்கணும்? தேவனாம்பட்டினம் கோட்டையை வெள்ளைக்காரன் சண்டை போட்டுப் புடிக்கல அமிர்தம். செஞ்சி மராட்டியர்கிட்ட வெலைக்கு வாங்கினான். பீரங்கியை வெடிச்சி, குண்டு போய் வுழுற தூரம் வரைக்கும் எல்லாம் உனக்குன்னு பேச்சு."

"வெலைக்கு வாங்கின வூட்டுக்கு எவனாவது திருட்டுத்தனமா கதவத் தொறந்து வுடுவானா?" எழிலன் திரும்பி உட்கார்ந்தான். "புரோக்கர்கூட முன்வாசல் வழியாத்தான் கூட்டிட்டுப் போவான்! இந்த ராஜகணேஷு இருக்கானே, அந்தச் சேனல்காரன், போன வாரம் கோயிலுக்குக் கீழ சொரங்கம்னு ஒரு வீடியோ போட்டான். அதுக்கு முந்தின வாரம் இன்னொரு கோயில், இன்னொரு சொரங்கம். இவன் சொன்ன சொரங்கத்தையெல்லாம் சேத்தா நெய்வேலி தோத்துடும்."

அமிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப எங்க வூட்டுக்கு ஏன் கோட்டை தொறந்தார் வூடுன்னு பேரு?"

"அந்தப் பேரு யார் யாருக்குத் தெரியும்?"

"அந்த வீடியோ வர்றவரைக்கும் யாருக்கும் தெரியாது. எங்க மாமனாரு சாவறப்ப எங்க வூட்டுக்காரு காதுல சொன்னது. அவுரு எங்கிட்ட பேர மட்டுந்தான் சொன்னாரு. வூட்டத் தாண்டி வெளிய போனதே இல்ல."

மாலதி கண்ணாடியில் அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் ஓட்டினாள். மாலதி இப்படி உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தால் ஏதோ கெட்டது கண்ணில் பட்டுவிட்டது என்று அர்த்தம்.

கீழவீதியில் சிவகாமியம்மாள் வீட்டில்தான் அந்த ஓலை இருந்தது. தலைமுறை தலைமுறையாக அன்னதானக் கட்டளை நடத்தும் குடும்பம். அந்தம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். அமிர்தத்தைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருஷா வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்கு உங்க வீட்டு அரிசி மூட்டை வரும். இந்த வருஷம் வரலையேன்னு நெனைச்சேன். அப்புறந்தான் சேதி தெரிஞ்சுது. அந்தப் பையன் இப்படிப் பண்ணுவான்னு நான் கண்டேனா? பழைய ஓலையெல்லாம் படம் புடிக்கணும்னு கெஞ்சினான்."

"படம் மட்டுந்தான் புடிச்சானாம்மா?" என்றாள் மாலதி.

"இந்தக் குடும்பம் இப்ப எங்கன்னு கேட்டான். அதோ, காலண்டர்ல பழனிவேல் நம்பர் எழுதி வெச்சிருக்கேன். அதைப் பாத்து எழுதிக்கிட்டான்."

மாலதி காலண்டரைப் பார்த்தாள், அமிர்தத்தைப் பார்க்கவில்லை. "ஓலையக் காட்டுங்க" என்றாள்.

கட்டு அவிழ்ந்தது. மாலதி பூதக்கண்ணாடியை வைத்து ஓர் ஓலையில் நின்றாள். எழிலனுக்கு அது எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது.

"எழிலா, அந்த வீடியோவ ஓலை வர்ற எடத்துல நிறுத்து."

நிறுத்தினான். சிவப்பு அம்பு பளபளத்தது.

"அம்பு எதைக் காட்டுது?"

"கோட்டைங்கிற வார்த்தைய."

"எல்லாரும் அம்பு காட்டுற எடத்தத்தான் பாப்பாங்க. அம்பு எது மேல நிக்குதுன்னு பாரு. வால் எங்க இருக்கு?"

எழிலன் ஓலையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். அம்பின் வால் அடுத்த வார்த்தையின் முதல் எழுத்துக்குக் கீழே அப்பியிருந்தது. ஓலையில் அந்த இடத்தில் ஒரு சுழி கீழே இறங்கி வளைந்தது.

"ஓலையில புள்ளி கெடையாது. துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் கெடையாது. அதையெல்லாம் நாமதான் ஊகிச்சிப் படிக்கணும். ஆனா 'தி'யும் 'து'வும் எப்பவுமே வேற. 'தி'க்குத் தலைக்கு மேல சுழி, 'து'க்குக் காலுக்குக் கீழ. இவன் காலை மறைச்சிட்டான்." மாலதி மெதுவாகப் படித்தாள். "பஞ்சத்திலே சனங்களைப் பிடித்துக் கப்பலேற்ற, அதற்குப் பேர்வழி எழுதமாட்டேனென்று கோட்டை துறந்தார் முத்தையன் உபயம்."

"துறந்தாரா?" என்றான் எழிலன்.

"துறந்தார். கப்பலேத்துற சனங்களோட பேர்ப் பட்டியலை எழுத மாட்டேன்னு கோட்டை வேலையை வேண்டாம்னு விட்டுட்டு வந்தவர். அமிர்தம், உங்க ஊர்ல கதவைத் திறன்னு எப்படிச் சொல்லுவ?"

"கதவத் தொறன்னு சொல்லுவோம்."

"ஒருத்தர் வீடு வாசல் எல்லாம் வேணாம்னு சாமியாராப் போனா?"

"எல்லாத்தையும் தொறந்துட்டுப் போயிட்டாரும்போம்." சொல்லி முடித்ததும் அமிர்தத்தின் முகம் மாறியது. "ரெண்டும் ஒண்ணுதான?"

"வாயில ஒண்ணு. ஓலையில ரெண்டு."

ஒரு சுழி மேலே போவதா கீழே வருவதா என்பதில் ஒரு மனிதனின் உயிர் போயிருக்கிறது. அமிர்தம் ஓலையைத் தொடாமல் கும்பிட்டாள். அவள் கண்ணில் ஆறு மாதத்துக்கப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது. "பொய்யின்னு ஆயிடுச்சி. இனிமே அந்த வாய் யாருதுன்னு தெரிஞ்சா போதும். வாங்க மேடம் போலாம்" என்று முடிச்சை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ கார்ல இரு அமிர்தம். நாங்க மட்டும் பேசிட்டு வர்றோம்" என்றாள் மாலதி.

"ஏன் மேடம்? நான் வர்றேன்."

மாலதி மறுபடி உதட்டைக் கடித்தாள்.

தெற்கு வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது ராஜகணேஷின் ஸ்டுடியோ. படியேறுமுன் எழிலன் தன் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இது அவனுடைய வழக்கமான வித்தை. பட்டிமன்ற நாட்களில் நடுவர் பேசிய தொகையைக் கொடுக்காமல் ஏமாற்றியபோது கற்றுக்கொண்டது.

ராஜகணேஷுக்கு முப்பது வயது. நெற்றியில் அகலமாக விபூதி, கையில் விலையுயர்ந்த வாட்ச். மாலதியையும் எழிலனையும் மேசையருகே உட்காரச் சொன்னான். அமிர்தம் கதவோரமே நின்றுகொண்டாள்.

"உங்க வீடியோ பத்து பாத்தேன் தம்பி" என்று மாலதி ஆரம்பித்தாள். "ஒன்பதுல அம்பு எழுத்துக்கு வெளிய நிக்குது. ஒண்ணுல மட்டும் எழுத்தோட கால் மேல நிக்குது. ஏன்?"

"டிசைன்தான் மேடம். அழகுக்கு."

"மறைச்சா அழகா இருக்கும்னா உன் மூஞ்சி மேல ஒண்ணு போட்டிருக்கலாமே?" என்றான் எழிலன்.

"ஓலையில 'துறந்தார்'னு இருக்கு" என்றாள் மாலதி. "அதைப் படிச்சவனாலதான் அதை மறைக்க முடியும். தெரியாதவன் கை அவ்ளோ சரியா அந்த எழுத்து மேல போகாது."

ராஜகணேஷ் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். பயந்தவன் சிரிப்பு இல்லை அது. தன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தவன் சிரிப்பு.

"சரி, படிச்சேன். என்னா இப்ப? துறந்தவன்னு போட்டா நாப்பது பேரு பாப்பான், அதுல முப்பது பேரு என் சொந்தக்காரன். துரோகின்னு போட்டாத்தான் ஊரே பாக்கும். நான் கல்லெறியச் சொல்லல மேடம். பாத்தவன் எறிஞ்சான்."

எழிலன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். போதும், மாட்டிக்கொண்டான் என்று நினைத்தான்.

அமிர்தம் கதவோரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். முடிச்சு அவிழ்ந்தது. கையில் மண். "நீதானாடா? உன் வாயிதானா அது? நீ நாசமாப் போவ. உன் வமுசம்..."

"நில்லும்மா." ராஜகணேஷ் கையைக் காட்டினான். "மொதல்ல எடுத்துக் குடுத்த வாயி மேலதான வீசுவ? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே, கேள்விப்பட்டேன். அது யாரு வாயின்னு காட்டட்டுமா?"

"வேணாம் தம்பி" என்றாள் மாலதி. அவள் குரல் கெஞ்சியதை எழிலன் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டான். அப்போதுதான் அவனுக்கும் விளங்கியது. காலண்டரில் இருந்த நம்பர். வீட்டைத் தாண்டிப் போகாத பேர்.

ராஜகணேஷ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்து லேப்டாப்பில் செருகினான். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் வந்தது. சிரிப்பும் பெருமையுமாக இருந்தது அந்தக் குரல்.

'பொஸ்தகத்துல போடறீங்களா? போடுங்க தம்பி, நல்லாப் போடுங்க. எங்க வூட்டுக்காரோட பாட்டனுக்குப் பாட்டன் கோட்டை தொறந்தாரு! சும்மாவா? வெள்ளக்காரனே எழுந்து நின்னானாம்...'

அமிர்தத்தின் கை தூக்கினபடியே நின்றது.

"பட்டப்பேரு தொகுக்கறேன், பொஸ்தகம் போடறேன்னு ஒரு போன் பண்ணேன், ஞாபகமிருக்கா?" என்றான் ராஜகணேஷ். "கதை என்னுது இல்லம்மா, உன்னுது. அந்த மண்ண உன் தலையிலயே போட்டுக்க."

எழிலனுக்கு அவனை அப்படியே மாடியிலிருந்து தள்ள வேண்டும் போலிருந்தது. சிரித்த சிரிப்பில் ராஜகணேஷ் ஒன்றை மறந்துவிட்டான். ஸ்பீக்கரை நிறுத்தவில்லை. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் தூரத்திலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

'அமிர்தம்...'

பழனிவேல். எழிலனுக்குக் கை கால் நிற்கவில்லை. மேடையில் எதிரணி சறுக்கியதும் வருமே, அதே வேகம் வந்துவிட்டது. துள்ளி எழுந்து கையைத் தட்டினான். "பார்றா! செத்தவரே சாட்சி சொல்ல வந்துட்டாரு! சம்மன்கூட அனுப்பலியேய்யா! கோர்ட்டுல கூண்டு பத்தாது, பெரிய கூண்டாப் பண்ணச் சொல்லுங்க மேடம்!"

ராஜகணேஷ் பாய்ந்தான். மெமரி கார்டைப் பிடுங்கி இரண்டு விரலில் வைத்து ஒடித்தான். படக்கென்று ஒரு சின்னச் சத்தம். துண்டுகளை ஜன்னல் வழியே வீசினான். எல்லாம் மூச்சு விடுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

"என்னா சொன்னாரு?" கதவோரத்திலிருந்து அமிர்தம் கேட்டாள். "என் பேரச் சொன்னாரே. அப்புறம் என்னா சொன்னாரு? எனக்குக் கேக்கலியே."

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்த மாலதி சொன்னாள். "தொறந்தாருன்னா கதவத் தொறந்தாருன்னு நெனச்சுக்குவாங்க, வேலைய வாணாம்னு வுட்டுட்டு வந்தாருன்னு வெவரமாச் சொல்லுன்னாரு. உன்னைத் திருத்தினாரு அமிர்தம், போன் பேசற மும்முரத்துல நீ காதுல வாங்கல. இவன் அதையும் கேட்டிருக்கான். கேட்டுட்டுத்தான் அம்பு போட்டான்."

"அவுரு குரல்ல நான் கேக்கல மேடம்."

"கேக்கலாம்" என்று எழிலன் மார்பைத் தட்டினான். "கார்டத்தான ஒடிச்சான்? படியேறுனதுலேர்ந்து எல்லாம் என் பையில ஓடிக்கிட்டிருக்கு. தம்பி ராஜகணேஷு, நீ ஒத்துக்கிட்டதும் அதுலதான் இருக்கு. இனிமே உனக்குத்தான் சொரங்கம் வேணும், ஓடி ஒளிய."

ராஜகணேஷின் முகத்தில் விபூதி மட்டும் தெரிந்தது. அமிர்தம் அவனைப் பார்க்கவேயில்லை. மண்ணைச் சிந்தாமல் மறுபடி துணியில் கொட்டி முடிந்தாள். "அவுரு கொரலு இருக்கு. எனக்கு அது போதும். இவன்மேல வீச மண்ணு தண்டம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் நடையில் ஒரு அவசரம் இருந்தது. வீட்டில் யாரோ காத்திருக்கிற பொம்பளை மாதிரி இறங்கிப் போனாள்.

காரில் எழிலனைப் பின் சீட்டுக்குக் கூப்பிட்டாள். "பக்கத்துல ஒக்காந்து போடு தம்பி. ஆறு மாசமாச்சி. செல்லுல எங்கேயும் அவுரு பேசினது இல்ல. போட்டோதான் இருக்கு. நல்லா சத்தமா வை."

எழிலன் தள்ளித் தள்ளி இடத்தைக் கண்டுபிடித்தான். ராஜகணேஷ் ஒத்துக்கொண்டது பிசிறில்லாமல் இருந்தது. அவன் சிரித்தது இருந்தது. அமிர்தத்தின் பழைய குரல் இருந்தது. அப்புறம் தூரத்தில், மெல்லிசாக, 'அமிர்தம்...'

உடனே காது கிழிகிற மாதிரி எழிலனின் குரல். பார்றா, செத்தவரே சாட்சி சொல்ல வந்துட்டாரு. கைதட்டல். சம்மன்கூட அனுப்பலியேய்யா. போன் அவன் நெஞ்சுக்கு நேரே பையில் இருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் ஏதோ முனகியது, வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. கூண்டு பத்தாது என்று எழிலன் முடிக்கும்போது படக்கென்று கார்டு ஒடிந்தது.

மாலதி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். அவள் திட்டியிருந்தால் எழிலனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அக்கா..." என்றான். பன்னிரண்டு வருஷம் மேடையில் பேசியவனுக்கு அதற்கு மேல் வார்த்தை அகப்படவில்லை.

அமிர்தம் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "இன்னொரு தடவ போடு தம்பி. நீ பேசறதுக்கு முன்னாடி நிறுத்திடு."

போட்டான். 'அமிர்தம்...' நிறுத்தினான்.

"இன்னொரு தடவ."

வெள்ளாறு போனது, புதுச்சத்திரம் போனது, ஆலப்பாக்கம் போனது. ஒவ்வொரு தடவையும் தன் குரல் வருவதற்கு அரை விநாடி முன்னால் விரலை அழுத்தினான். விரல் வேர்த்து வழுக்கியது. இரண்டு தடவை பிந்திவிட்டது, 'பார்றா' என்று வந்துவிட்டது. அப்போதெல்லாம் அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மறுபடி போடச் சொன்னாள்.

குடிகாட்டில் வண்டி நின்றது. சுவரில் 'து' மட்டும் கறுப்பாக மிச்சமிருந்தது. அமிர்தம் மாலதியைக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். எழிலனைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். கதவைத் திறந்து உள்ளே போனாள்.

கடலூர் வந்து காரை விட்டு இறங்கும்போதுதான் எழிலன் பார்த்தான். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், அவன் கைக்கு எட்டும் தூரத்தில், வெள்ளைத் துணி முடிச்சு இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது.

மறந்து வைத்துவிட்டுப் போனாளா என்று மாலதி கேட்டாள். எழிலன் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தன் உதட்டில் வைத்துக்கொண்டான்.